பசியை அடக்கும் குளிசைகள்: வன்னியில் நாங்கள் கண்டவை

கிளிநொச்சி, மருந்துக்கடைப் பணியாளர்:

கல்யாணம் பொருந்திய மகளை அழைத்துக்கொண்டு ஓர் அம்மா கடைக்கு வந்தார். "தம்பி, பிள்ளைக்கு நித்திரை வருவதில்லை, ஏதாவது தாருங்கள்" என்றார். பிள்ளையின் விரல்கள் நடுங்கின. வாய் உலர்ந்து, பேச்சின் நடுவே தண்ணீர் கேட்டார். பிறஷர் பார்த்தேன். அந்த வயதில் இருக்கவே கூடாத அளவு. வேறு ஏதாவது குளிசை எடுக்கிறீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் கைப்பையிலிருந்து ஒரு பெட்டி வெளியே வந்தது. பச்சை இலைப் படம் இருந்தது. தயாரித்தவர் பெயர் இல்லை, பதிவு இலக்கம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த மச்சாள் கொடுத்ததாம். "மூலிகைதானே தம்பி?" என்று அம்மா கேட்டார்.

நித்திரைக் குளிசை கொடுக்க மறுத்து, பெட்டியோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஈ.சி.ஜி. எடுத்து, குளிசையை அன்றே நிறுத்தச் சொன்னார்களாம்.

முதல் நாளிலேயே பசி அற்றுப்போனால் சந்தேகப்படுங்கள். இத்தகைய 'மூலிகை' மெலிவு மருந்துகளில் பல நாட்டு ஆய்வுகூடங்கள் சிபுட்ராமின் என்ற பசியடக்கும் இரசாயன மருந்து கலந்திருப்பதைக் கண்டுபிடித்திருக்கின்றன. ஏறக்குறைய 10,000 பேரிடம் நடந்த ஆய்வில், இதயநோய் ஆபத்து உள்ளவர்களுக்கு அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டியது தெரிந்து, 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனை நின்றது. அங்கே அகற்றிய மருந்து, பெயரை மறைத்துக்கொண்டு நம் வீட்டுக்குள் வருகிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இத்தகைய குளிசைகள், ஆபத்து வேளையில் உடலை உசுப்பும் நோரட்ரினலின் என்ற இரசாயனத்தை மூளையில் கூட்டுகின்றன. ஆபத்து வந்துவிட்டது என்று உடல் எண்ணுகிறது. இதயம் விரைகிறது, இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, பசி ஒதுங்குகிறது. ஷெல் சத்தத்தில் பசி மறந்து ஓடியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

புதுக்குடியிருப்பு, ஆசிரியை:

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அமெரிக்காவில் இருக்கும் சின்னம்மா, தனக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த பென்டர்மின் என்ற பசியடக்கும் குளிசையில் மிஞ்சியதை அம்மாவுக்குக் கொண்டுவந்தார். அது போலி மருந்தல்ல. 1959 முதல் அங்கே பாவனையில் உள்ளது. ஆனால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உளத்தூண்டற் பொருள்கள் உடன்படிக்கையின் நான்காம் அட்டவணையில் இருக்கிறது. வைத்தியரின் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் என்று கொடுப்பது. அம்மாவுக்கோ பிறஷர் கட்டுக்குள் வருவதே இல்லை; அப்படிப்பட்டவர்கள் தொடவே கூடாது. சின்னம்மா அன்பாகத்தான் தந்தார், நான் முகத்துக்கு நேரே வேண்டாம் என்றேன். வீட்டில் சண்டை வந்தது. வந்தால் வரட்டும். இதே பென்டர்மினோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட பென்ஃபுளூரமின் என்ற இன்னொரு மெலிவு மருந்து, இதய வால்வுகளைக் கெடுத்து 1997இல் மீளப்பெறப்பட்டது. அதையும் வைத்தியர்கள்தான் எழுதிக்கொடுத்தார்கள் என்பதைச் சின்னம்மாவுக்குச் சொன்னேன்.

வவுனியா, உறுப்பினர்:

என் அக்கா முகநூலில் பார்த்து ஒரு 'மெலிவுக் கோப்பி' வாங்கிக் குடிக்கிறார். மனச்சோர்வுக்கும் கிளினிக்கில் குளிசை எடுக்கிறார். சில நாட்களாக வியர்த்துக் கொட்டுகிறது, கை கால் துடிக்கிறது. கோப்பியை நிறுத்தினால் போதுமா?

கிளிநொச்சி, மருந்துக்கடைப் பணியாளர்:

போதாது தங்கச்சி. கோப்பியை இந்த நிமிடமே நிறுத்தச் சொல்லுங்கள். மனச்சோர்வுக் குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். கோப்பியில் சிபுட்ராமின் இருந்தால் இரண்டும் சேர்ந்து உடலில் செரட்டோனின் என்ற நரம்பு இரசாயனத்தை அளவுக்கு மீறி ஏற்றிவிடக்கூடும். காய்ச்சல், குழப்பம், வலிப்பு வரை போகும். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். கோப்பிப் பையையும் குளிசை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். வைத்தியர் ஏசுவார் என்று அக்கா மறைக்கப் பார்ப்பார், நீங்கள் சொல்லிவிடுங்கள். பதிவு செய்யாத மருந்தை விற்பது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்; குற்றவாளி விற்றவர், அக்கா அல்ல. விற்றவரின் பக்கத்தையும் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டையும் படம் எடுத்து வையுங்கள். தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுத நான் உதவுகிறேன்.