புதுப்பிப்பு: சென்னையில் அம்மாவோடு உட்கார அமைதியான பூங்கா

அம்மாவின் கண் சிகிச்சைக்காக மண்டபத்திலிருந்து சென்னைக்குப் போகிறோம், நடுவில் கிடைக்கும் நேரத்தில் இரைச்சல் இல்லாமல் உட்கார ஒரு இடம் சொல்லுங்கள் என்று இங்கே கேட்டிருந்தேன், போய்விட்டு வந்தாச்சு.

அடையாறு பிரம்மஞான சபை (தியோசாபிகல் சொசைட்டி) தோட்டத்துக்குத்தான் என் ஓட்டு. பனையும் உடைமரமும் பார்த்தே வளர்ந்த அம்மா, அங்கே இருக்கும் பெரிய ஆலமரத்தில் விழுது விழுதாகத் தட்டிப் பார்த்து "இதுல தாய் மரம் எதுப்பா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார், அது 1989 புயலில் சாய்ந்துவிட்டது, விழுதுகள்தான் இப்போது மரம் என்று சொன்னால் நம்பவே இல்லை. ஆனால் பார்வை நேரம் ரொம்பக் குறைவு, விசாரித்துவிட்டுப் போங்கள்.

கீழக்கரை காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் சொன்ன மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா சின்னதுதான். அமிர்தாஞ்சன் தொடங்கியவர் பெயரில் இருக்கிறது. காலையும் மாலையும் நடைப்பயிற்சிக் கூட்டம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போனால் நிழலில் பெஞ்சு தாராளமாகக் கிடைக்கும், பக்கத்தில் ஒருத்தர் பேப்பரை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்.

செம்மொழிப் பூங்கா? பழைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடம், 2010இல் திறந்தது, செடிகள் அழகு, டிக்கெட் உண்டு. ஞாயிறு மட்டும் வேண்டாம், ராமேஸ்வரத்தில் அமாவாசைக் கூட்டம் பார்த்த நமக்கே மூச்சு முட்டும்.

அடுத்த பரிசோதனைக்கு மறுபடி போகணும். எழும்பூர் பக்கம் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள், ரயில் ஏறும்வரை உட்கார வேண்டும்.