டர்போ காரின் 'டாப் எண்ட்' – தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். டர்போ பெட்ரோல் ஹாட் ஹேட்ச் கார்களைப் பற்றிய நீண்ட சோதனை அறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அனுப்பியாக வேண்டும். 'டர்போ' (புகைவாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), 'ஹாட் ஹேட்ச்' (வேகத்துக்காக முடுக்கிய, பின்கதவுள்ள சிறிய கார்) இரண்டையும் அப்படியே வைத்துவிட்டேன். மாட்டிக்கொண்ட இடம் 'டாப் எண்ட்'. இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றைத் தாண்டிச் சிவப்புக்கோட்டை, அதாவது சுற்றின் உச்ச வரம்பை, நெருங்கும்போதும் தளராமல் இழுக்கிறதே, அந்தக் குணம். பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'உச்சத்திறன்' என்று போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. உச்சத்திறன் என்பது அட்டவணையில் வரும் ஒற்றை எண். இது அந்த மேல்பகுதி முழுவதையும் குறிக்க வேண்டும். வழி சொல்லுங்கள்.

வாகனப் பொறியியல் ஆசிரியர் எழுதியது:

அம்மா, சொல்லைத் தேடும் முன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். இங்கே திருப்புவிசை (டார்க், அதாவது தண்டைத் திருப்பும் பலம்) வேறு, திறன் (பவர்) வேறு. 2017-ல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். 2 லிட்டர் டர்போ இன்ஜின். 2,500 முதல் 4,500 சுற்று வரை 400 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. 320 குதிரைத்திறன் கிடைப்பதோ 6,500 சுற்றில். திருப்புவிசையைச் சுற்றால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட். 4,500-ல் சுமார் 188 வருகிறது, 6,500-ல் 235. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் 6,500-ல் திருப்புவிசை ஏறத்தாழ 345-க்கு இறங்கிவிட்டது தெரியும். விசை குறைகிறது, திறன் ஏறுகிறது. சுற்று ஏறும் வேகம் விசை இறங்கும் வேகத்தை மிஞ்சுவதால்தான் இது நடக்கிறது.

டர்போவில் இது எளிதாகக் கிடைப்பதில்லை. புகைவாயு சுழற்றும் சக்கரம்தான் டர்பைன். அதைச் சிறிதாக வைத்தால் குறைந்த சுற்றிலேயே விழித்துக்கொள்ளும், ஆனால் மேலே போனதும் புகைவாயு வெளியேற வழியில்லாமல் நெரிபடும். பெரிது வைத்தால் மேலே தாராளமாக மூச்சு விடும், கீழே மந்தம். போதாக்குறைக்கு, அழுத்திய காற்று சூடாகும். சூடு கூடினால் பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டல் வரும், அதற்குப் பயந்து தீப்பொறியைத் தள்ளிப்போட வேண்டும், அங்கே திறன் போய்விடும். இத்தனையையும் தாண்டி 6,500-ல் திறன் நிற்கிறது என்றால் அது பெரிய வேலை. ஆகவே சொல்லில் 'விசை' வரக் கூடாது, 'திறன்' வர வேண்டும். 'உயர்சுற்றுத்திறன்' என் பரிந்துரை.

தமிழாசிரியர் எழுதியது:

ஐயாவின் விளக்கம் அருமை. ஆனால் 'உயர்சுற்றுத்திறன்' சொல்லா, சொற்றொடரா? தொல்காப்பியம் உரியியலில் 'கதழ்வும் துனைவும் விரைவின் பொருள' என்று இருக்கிறது. 'துனை' என்ற அந்த அடியை எடுத்து 'துனைத்திறன்' என்றால் நான்கு எழுத்து மிச்சம், மரபும் கிடைக்கும். 'கதழ்' இன்னும் அழகு. விரைந்து பாயும் குதிரைக்கும் தேருக்கும் புலவர்கள் கையாண்ட சொல். குதிரைத்திறன் பேசும் இடத்தில் 'கதழ்திறன்' எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! நெடுங்காலமாகத் தூங்கும் வேர்களை எழுப்ப இதைவிட நல்ல தருணம் வராது.

பணிமனை நடத்தும் நண்பர் எழுதியது:

ஐயா, 'துனை' என்று அச்சில் வந்தால் 'துணை'க்குப் பதில் எழுத்துப்பிழை என்றுதான் படிப்பார்கள். திருத்துபவரே மூன்றுசுழி ணகரம் போட்டுவிடுவார். 'துணைத்திறன்' என்றால் ஏதோ உதிரி மோட்டார் மாதிரி ஆகிவிடும். கதழ்வும் துனைவும் விரைவு என்றால், விரைவு வேறு, திறன் வேறு அல்லவா? எங்கள் பணிமனையில் 'மேல ஏற ஏற இழுக்குது' என்போம். அதையே பெயராக்கி 'மேலிழுவை' என்று வைத்தால் கார் ஓட்டுகிற எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

வாகனப் பொறியியல் ஆசிரியர் எழுதியது:

'மேலிழுவை' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், எதிர்க்காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் தடையையும் இழுவை என்றே எழுதுகிறார்கள். ஒரே கட்டுரையில் முன்னால் இழுப்பதும் இழுவை, பின்னால் இழுப்பதும் இழுவை என்றால் மாணவன் என்ன செய்வான்?

தமிழாசிரியர் எழுதியது:

அப்படியானால் 'சுற்று' மட்டும் சரியா? பூமி தன்னைத்தானே சுழல்கிறது, சூரியனைச் சுற்றுகிறது. வணரித்தண்டு, அதாவது இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட், தன் அச்சில் திரும்புவது சுழற்சியே. 'உயர்சுழல்' என்றாவது திருத்துங்கள். 'உயர்சுற்று' வினைத்தொகை ஆகையால் உயர்ந்த சுற்றா, உயர்கின்ற சுற்றா என்ற மயக்கமும் இருக்கிறது.

வாகனப் பொறியியல் ஆசிரியர் எழுதியது:

செயல் சுழற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அதை எண்ணும்போது சுற்று என்றே எண்ணுகிறோம், மின்விசிறிக்கும் அப்படித்தான். இன்னொரு காரணமும் உண்டு. சிவிக்கின் இன்ஜினில் வணரித்தண்டு 7,000 சுற்று போகும் நேரத்தில் டர்போவின் தண்டு ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கும். வெறுமனே 'உயர்சுழல்' என்றால் எந்தச் சுழலைச் சொல்கிறோம்? 'சுழல்' டர்போவுக்கு இருக்கட்டும், 'சுற்று' இன்ஜினுக்கு. வினைத்தொகை மயக்கம் என்றீர்கள், எனக்கு அது வரமாகப் படுகிறது. மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஏ45 எஸ் காரில் 500 நியூட்டன் மீட்டர் முழுமையாகக் கிடைப்பதே 5,000 சுற்றில்தான், 421 குதிரைத்திறன் 6,750-ல். டர்போ இல்லாத இன்ஜினைப் போல ஏற ஏறப் பலம் கூட வேண்டும் என்று வேண்டுமென்றே அமைத்தது. அங்கே உயர்ந்த சுற்று, உயர்கின்ற சுற்று இரண்டுமே உண்மை.

இலங்கையிலிருந்து ஓர் உறுப்பினர் எழுதியது:

எங்கட பாடநூல்களில் திறன் என்று இல்லை, 'வலு' என்றுதான் இருக்கு. குதிரைத்திறனை நாங்கள் பரிவலு என்போம். 'திறன்' என்றால் இங்கே ஒருவருடைய கெட்டித்தனம்தான் முதலில் மனதில் வரும். 'உயர்சுற்றுவலு' என்றால் சொல்லும் குறுகும், ஒற்றும் மிகாது. கடலின் இரு கரைக்கும் பொதுவாக ஒன்றை வைக்க இது நல்ல வாய்ப்பு.

பணிமனை நடத்தும் நண்பர் எழுதியது:

வலு எனக்குப் பிடித்திருக்கிறது. 'வண்டிக்கு வலு இல்லை' என்று தினமும் வாயில் வரும் சொல். ஆனால் அட்டவணை முழுக்கக் குதிரைத்திறன் என்று எழுதிவிட்டு இங்கே மட்டும் வலு என்றால் வேறு ஏதோ அளவு என்று நினைப்பார்கள். மாற்றினால் எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நாளை காலை கெடு. எல்லா இடத்திலும் மாற்ற நேரமில்லை, பதிப்பாசிரியரும் விடமாட்டார். எனவே 'உயர்சுற்றுத்திறன்' என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'டாப் எண்ட் எனப்படும்' என்று சேர்த்துவிடுகிறேன். ஓட்டுநர் அனுபவத்தைச் சொல்லும் பத்திகளில் பெயர்ச்சொல்லே இல்லாமல் 'மேலே ஏற ஏற இழுக்கிறது' என்று வினையாக எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், அந்தப் பத்திகள்தான் உயிரோடு இருக்கின்றன. அடுத்த வாரம் 'டர்போ லேக்' பற்றிக் கேட்பேன். கீழ்ச்சுற்றில் அழுத்தமே உருவாகாமல் இருப்பது ஒன்று, உருவாகும் சுற்றில் இருந்தும் மிதித்த பிறகு வரத் தாமதிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

தமிழாசிரியர் எழுதியது:

அனுப்புங்கள் அம்மா, தடுக்கவில்லை. என் மாற்றுக்கருத்து குழுவின் ஏட்டில் இருக்கட்டும்: 'கதழ்திறன்' இன்னும் தள்ளுபடி ஆகவில்லை. எழுத்துப்பிழை வாதம் 'துனை'க்குத்தான் பொருந்தும், 'கதழ்'க்குப் பொருந்தாது.