புதுப்பிப்பு: சோயா மெழுகுக் குடுவைக்கு ஏற்ற திரி கிடைத்தது

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டில் வார்க்கும் சோயா வாசனை மெழுகுவத்திகள் நடுவில் மட்டும் குழியாக உருகி, ஓரத்து மெழுகு அப்படியே நின்றுவிடுவதாக முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பலனளித்தது, மெழுகின் எடையைப் பாராமல் குடுவையின் உள்விட்டத்தை அளந்து, ஒரே வகைப் பருத்திப் பின்னல் திரியில் அடுத்தடுத்த தடிமன்களை ஒப்பிடச் சொன்ன ஆலோசனைதான். என் குடுவையின் உள்விட்டம் 7.5 செ.மீ.; முன்பு இட்டதைவிட ஓர் அளவு தடித்த திரியை வைத்ததும், ஏறத்தாழ 3 மணி நேரத்தில் உருகிய மெழுகு விளிம்பைத் தொட்டது. அதற்கும் அடுத்த அளவு புகைந்து, நுனியில் கரிமொட்டுக் கட்டி, கண்ணாடியை மிகவும் சூடாக்கியதால் அதை ஒதுக்கிவிட்டேன். ஏற்றும் ஒவ்வொரு முறையும் திரியை 6 மி.மீ. உயரத்துக்கு நறுக்கிவிட வேண்டும். நறுக்காமல் செய்யும் ஒப்பீட்டை நம்ப முடியாது.

எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. மல்லிகை வாசனையில் சீராக எரிந்த அதே திரி, அதே அளவு வெண்ணிலா எண்ணெய் கலந்த மெழுகில் சுடர் சிறுத்துத் தடுமாறியது. அடர்த்தியான வாசனை எண்ணெயை இழுக்கத் திரி சிரமப்படுவதே இதற்குக் காரணம் என்பதால், வாசனையை மாற்றினால் திரியையும் புதிதாகச் சோதிக்க வேண்டும். வெண்ணிலாவுக்கு இன்னும் ஓர் அளவு தடித்த திரி சரியாக அமைந்தது.

மார்கழிக் குளிரில் வார்ப்பவர்கள் குடுவையைச் சற்று வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். வார்த்தபின் 2 வாரம் பதப்பட விட்ட பிறகே திரியைச் சோதியுங்கள்.