பருப்புக்கீரையில் முட்டை வைத்த ‘வெந்தய வரியன்’

எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில், ரயில் பாதைக்குப் பின்தெரு. மொட்டை மாடியில் நின்றால் தண்டவாள ஓரமெல்லாம் எருக்குதான். விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள் பூவும் இலையும் பறிபோய் மொட்டையாக நிற்கும், கொஞ்ச நாளில் மறுபடி தழைத்துவிடும். எருக்கு இருந்தால் வெந்தய வரியனும் இருக்கும். ஆரஞ்சு இறக்கை, முன்னிறக்கை நுனியில் கறுப்பு, அதற்குள் ஒரு வெள்ளைப் பட்டை. எனக்கு முதலில் பெயர் தெரிந்த பட்டாம்பூச்சி அதுதான். போனில் அதற்கென்று தனி ஃபோல்டர். இரண்டு வருடத்தில் அறுபத்து மூன்று படம். ‘இதில் நமக்குத் தப்பு வராது’ என்ற தெனாவட்டும் சேர்ந்திருந்தது.

போன மாதக் கடைசியில் அப்படி ஒன்று அம்மாவின் பெயிண்ட் வாளிக்குள் இறங்கியது. வாளியில் இருந்தது பருப்புக்கீரை. தண்டுகளுக்கு நடுவே நடந்தே போய், வயிற்றை வளைத்து, இலையடியில் முட்டை வைத்தது. எருக்கிலை தின்று வளரும் புழுவுக்குக் கீரை எதற்கு? வழி தப்பிவிட்டதோ என்று நினைத்தேன். அம்மாவுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. “கீரையெல்லாம் நாசமாப் போகும், தட்டி விடுடி” என்றார். கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாளியை மட்டும் காப்பாற்றினேன்.

வெந்தய வரியன் புழுவை எருக்கில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று வளையம் வளையமாக, முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்போடு இருக்கும். வாளியில் வந்ததோ கறுப்புப் புழு, உடம்பெல்லாம் கிளைவிட்ட முள். அப்புறம்தான் உறைத்தது. அது வெந்தய வரியனே இல்லை, அதே மாதிரி வேஷம் போடும் டானெய்ட் எக்ஃபிளை என்ற வேறொரு பட்டாம்பூச்சியின் பெண்.

எருக்கம்பாலின் நஞ்சு வெந்தய வரியன் உடம்பில் தங்கிவிடும். ஒருமுறை வாயில் வைத்த பறவை அந்த ஆரஞ்சு நிறத்தை மறக்காது. அதனால்தான் அது அவசரமே இல்லாமல், கடற்கரையில் காற்று வாங்குகிற மாதிரி பறக்கிறது. கீரை தின்று வளர்ந்த எக்ஃபிளையிடம் அந்த நஞ்சு இல்லை. சட்டை மட்டும் இரவல், நடையும் இரவல். விரட்டினால் மட்டும் குட்டு வெளிப்பட்டு விருட்டென்று பறக்கும். அமேசான் காட்டில் இந்த மாதிரி வேஷங்களைப் பார்த்து ஹென்றி பேட்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர் 1862-இல் எழுதியதை எப்போதோ படித்திருக்கிறேன். படித்து என்ன, பெயிண்ட் வாளிக்குள் நடக்கும்போது கண்ணுக்குத் தெரியவில்லை.

பார்க்க வேண்டிய இடம் பின்னிறக்கை. வெந்தய வரியனுக்கு அதன் நடுவில் மூன்று கறுப்புப் புள்ளி இருக்கும். ஆணுக்கு நாலாவதாக ஒன்று கொஞ்சம் பெரிதாக இருக்கும், அது வாசனைப் பை. எக்ஃபிளைப் பெண்ணுக்கு நடுவில் ஒன்றும் கிடையாது, மேல் ஓரத்தில் ஒரே ஒரு பொட்டு. அன்று ராத்திரி ஃபோல்டரைத் திறந்து எண்ணினேன். அறுபத்து மூன்றில் ஒன்பது எக்ஃபிளை!

இதில் இன்னொரு கூத்து. எங்கள் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி உட்கார்ந்திருக்கும். இறக்கையில் நீல விளிம்போடு பெரிய வெள்ளை வட்டங்கள், தும்பி வந்தால்கூடத் துரத்தும் ரவுடி. அதற்குத் தனி ஃபோல்டர் வைத்திருந்தேன். அதுதான் இதன் ஆண். புருஷன் பெண்டாட்டியை இரண்டு வருடமாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

இப்படி ஏமாந்தவர்கள் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

—

தண்டையார்பேட்டை அக்கா:

உனக்குக் கீரை, எனக்குக் கறிவேப்பிலை. வாசல் கறிவேப்பிலை மரத்தில் கறுப்பில் சிவப்புப் புள்ளி போட்ட பட்டாம்பூச்சி ஒன்று முட்டை வைத்தது. காமன் ரோஸ் என்று அக்கம்பக்கமெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். ரோஸுக்கு ஆடுதீண்டாப்பாளை வகைச் செடிதான் வேண்டும், கறிவேப்பிலையைத் திரும்பியும் பார்க்காது. வந்தது கறிவேப்பிலை அழகியின் பெண். அதில் பெண்ணுக்கு மூன்று வேஷம் தெரியுமோ? ஒன்று ஆணைப் போலவே இருக்கும், ஒன்று காமன் ரோஸ் மாதிரி, இன்னொன்று கிரிம்சன் ரோஸ் மாதிரி. எந்த வேஷம் என்பதை டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு முடிவு செய்கிறது என்று 2014-இல் கண்டுபிடித்தார்கள்.

நான் இப்போது இறக்கையைப் பார்ப்பதே இல்லை, உடம்பைத்தான் பார்ப்பேன். ரோஸ் என்றால் உடம்பு சிவப்பு. அழகிக்கு உடம்பு கறுப்பு, அந்த வேஷத்தை மட்டும் அவளால் போட முடியவில்லை.

—

மாதவரம் சைக்கிள்காரன்:

நீங்கள் பெரிய பூச்சிக்காரர்கள். புல்வெளி மஞ்சள் பட்டாம்பூச்சிகளோடு மல்லுக்கட்டிப் பாருங்கள், அப்போது தெரியும். உட்கார்ந்தால் இறக்கையை மூடிக்கொள்ளும். முன்னிறக்கை அடிப்பக்கத்தில், உடம்பை ஒட்டிய பகுதியில் இரண்டு புள்ளி இருந்தால் காமன் கிராஸ் யெல்லோ, மூன்று இருந்தால் திரீ ஸ்பாட். அந்தப் புள்ளி பாதி நேரம் பின்னிறக்கைக்குள் ஒளிந்திருக்கும். பருவத்துக்குப் பருவம் குறிகளும் மாறும். ஒரு மணி நேரம் மண்டி போட்டு எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு நோட்டில் ‘மஞ்சள்’ என்று மட்டும் எழுதிவிட்டு வந்திருக்கிறேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. தப்பாகப் பெயர் வைப்பதற்கு இது மேல்.

அது சரி, எக்ஃபிளை இறக்கையை மூடியிருந்தால் அந்தப் பொட்டு தெரியுமா?

—

கொருக்குப்பேட்டை:

தெரியும் அண்ணா, அடிப்பக்கத்திலும் உண்டு. வெந்தய வரியனின் மூன்று புள்ளியும் அப்படித்தான்.

அக்கா, வாளியில் இருந்த ஏழு புழுவில் இரண்டைப் பல்லி பிடித்துவிட்டது. ஒன்று எப்படியோ ஏறிப்போய் மாடிப்படிக் கம்பியில் கூட்டுப்புழுவாகத் தொங்குகிறது. துணி காயப்போட வருகிறவர்கள் கையை அந்தப் பக்கம் வைக்க வேண்டாம் என்று சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கிறேன். கீழே அம்மா ‘கீரைத் திருடன்’ என்று சேர்த்திருக்கிறார்.