எது முதலில் விழுந்தது? 300 மீட்டர் இடைவெளியில் இரண்டு கடிகாரங்கள்

கஞ்சிக்கோட்டான்
பாலக்காடு கஞ்சிக்கோட்டில் எங்கள் ஆலையில் மின்னழுத்தம் ஒரு கணம் இறங்கினாலே இரண்டு பிரேக்கர்கள் விழுகின்றன. ஒன்று மெயின் பேனலில், மற்றொன்று 300 மீட்டர் தள்ளி இன்வெர்ட்டர் கூடத்தில். எது முதலில் என்று கண்டுபிடிக்க இரண்டு இடத்திலும் அலைப்பதிவுக் கருவி வைத்தோம். இரண்டுமே ஆலையின் என்டிபி சர்வரிடம் (நெட்வொர்க் வழியாக நேரம் சொல்லும் சர்வர்) நேரம் கேட்பவை. நேற்றைய பதிவைப் பார்த்தால், வெளியிலிருந்து வந்த இறக்கம் மெயின் பேனலுக்கு வருவதற்கு 23 மில்லிவிநாடி முன்பே இன்வெர்ட்டர் கூடத்துக்குப் போய்விட்டதாம்! பிடிபி, அதாவது நெட்வொர்க் வழியாகவே இன்னும் துல்லியமாக நேரம் பொருத்தும் முறை, அந்த வசதியுள்ள கருவிகளும் நெட்வொர்க் ஸ்விட்சும் வாங்கலாம் என்கிறேன். மேலாளர் விலையைப் பார்த்ததும் பேச்சை மாற்றுகிறார்.

வாளையார் மீட்டர்
நான் மேலாளர் கட்சி. என்டிபி 1985 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே வளாகத்து நெட்வொர்க்கில் ஒழுங்காக அமைத்தால் ஒரு மில்லிவிநாடியை ஒட்டி நிற்கும். தம்பி, உங்கள் கருவிகள் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சர்வரிடம் கேட்கின்றன? முதலில் அதைப் பாருங்கள். பல கருவிகளில் இருப்பது முழு என்டிபி அல்ல, அதன் எளிய வடிவம். ஒருமுறை கேட்டு நேரத்தைத் திருத்திவிட்டுத் தூங்கிவிடும். கருவிக்குள் கடிகாரத்தை ஓட்டும் கிரிஸ்டல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்து பங்கு) விலகினால் ஒரு மணி நேரத்தில் 36 மில்லிவிநாடி ஓடிவிடும், ஒரு நாளில் 0.86 விநாடி. கருவியின் சோம்பலுக்கு என்டிபி மீது பழி போடாதீர்கள்.

கஞ்சிக்கோட்டான்
பார்த்தேன் அண்ணா. ஒரு கருவி ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, மற்றொன்று நாளுக்கு ஒருமுறை. இரண்டையும் நிமிடத்துக்கு ஒருமுறை என மாற்றிவிட்டேன். ஆனாலும் ஒன்றிரண்டு மில்லிவிநாடி மிச்சம் நிற்கிறது. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றே 20 மில்லிவிநாடிதான். 2 மில்லிவிநாடி பிசகினால் 36 டிகிரி. அலை எந்த இடத்தில் அறுந்தது என்பதே மாறிவிடுகிறது.

சித்தூர் சிக்னல்
அதற்குத்தான் பிடிபி. ஐஇஇஇ 1588 என்று 2002இல் வந்த தரம், 2008இலும் 2019இலும் திருத்தப்பட்டது. அளவீட்டுக் கருவிகளையும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. செய்தி ஈதர்நெட் போர்ட்டைக் கடக்கும் அந்த இடத்திலேயே வன்பொருள் நேரமுத்திரை குத்துகிறது. மென்பொருள் எழுந்து வரும் தாமதம் கணக்கில் சேராது. மைக்ரோவிநாடிக்குக் கீழே போகலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பிடிபி பொதுவாகச் சுமந்து வருவது சர்வதேச அணு நேரம். அது இப்போது யூடிசியை (நம் கடிகாரங்களுக்கு அடிப்படையான உலகப் பொது நேரம்) விட 37 விநாடி முன்னால் இருக்கிறது. கருவி அந்த வித்தியாசத்தைக் கழிக்காவிட்டால் பதிவு 37 விநாடி எதிர்காலத்தில் இருக்கும். சித்தூரில் எங்கள் பரிசோதனைக் கூடத்தில் அதைப் பார்த்து ஒருவர் கருவியையே சர்வீசுக்கு அனுப்பிவிட்டார்.

வாளையார் மீட்டர்
நடுவில் சாதாரண ஸ்விட்ச் இருந்தால் உங்கள் மைக்ரோவிநாடி எங்கே போகும் சார்? போகும் வழியும் வரும் வழியும் ஒரே தாமதம் என்று நம்பித்தான் பிடிபி கணக்குப் போடுகிறது. அந்த வித்தியாசத்தில் பாதி அப்படியே பிழையாகிவிடும். யாராவது பெரிய பதிவுக் கோப்பை இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் வரிசை நீளும். பிடிபி தெரிந்த ஸ்விட்ச் எத்தனை வேண்டும், அதன் விலை என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை
கடிகாரத்துக்காகவே சண்டை போடுகிறீர்கள். இரண்டு கருவிகளும் அலையை நொடிக்குப் பலமுறை அளந்து மாதிரி எடுப்பது அதனதன் கிரிஸ்டலின் தாளத்தில் அல்லவா? தொடக்கத்தில் நேரம் பொருந்தினாலும், இரண்டு கிரிஸ்டலுக்கும் 10 பிபிஎம் வித்தியாசம் இருந்தால் பத்து நிமிடப் பதிவின் முடிவில் 6 மில்லிவிநாடி நகர்ந்திருக்கும். பிடிபி வாங்குவதானால், அது மாதிரி எடுக்கும் கடிகாரத்தையும் பிடித்து நிறுத்துகிறதா, திரையில் தெரியும் நேரத்தை மட்டும் திருத்துகிறதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். இதைக் கேட்காமல் வாங்குவது வீண். நானாக இருந்தால் ஒரு ட்ரிகர் கேபிள் இழுப்பேன், ஒரு கருவி கோளாறைக் கண்டதும் மற்றதற்கு அதிலேயே சிக்னல் போகும். மீட்டருக்கு சுமார் 5 நானோவிநாடி, 300 மீட்டருக்கு 1.5 மைக்ரோவிநாடி. எப்போதும் மாறாத தாமதம், கழித்துவிடலாம்.

கஞ்சிக்கோட்டான்
ஐப்பசி மாதத்து மாலையில் இங்கே வந்து இடியைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த். நடுவில் செம்புக் கம்பி போட்டால் கருவியின் போர்ட்தான் முதலில் போகும்.

கொழிஞ்சாம்பாறை
அப்படியானால் ஃபைபரில் அனுப்புங்கள், இரு முனையிலும் ஒரு கன்வெர்ட்டர் போதும். வாதம் மாறாது.

சித்தூர் சிக்னல்
மாறும். ட்ரிகர் ஒரு திசையில்தான் போகிறது. கோளாறு இன்வெர்ட்டர் கூடத்தில் தொடங்கினால் மெயின் பேனல் கருவிக்கு யார் சொல்வது? திரும்பி வரும் இன்னொரு இணைப்பும் வேண்டும். பிடிபி என்றால் இரண்டும் தனித்தனியாகப் பதியட்டும், பிறகு ஒப்பிடலாம்.

வாளையார் மீட்டர்
இதில் சித்தூர் சொல்வது சரி. ஆனால் பணம் செலவழிக்கும் முன் ஒன்று செய்யுங்கள் தம்பி. ஆலை நிற்கும் நாளில் இரண்டு கருவிகளையும் ஒரே மேசையில் வைத்து, ஒரே நீளக் கேபிளில் ஒரே சிக்னலைக் கொடுங்கள். பதிவுகளின் வித்தியாசம்தான் உங்கள் உண்மையான பிழை. அதுவரை அறிக்கையில் ‘இன்வெர்ட்டர் முதலில்’ என்று எழுதாதீர்கள்.

கஞ்சிக்கோட்டான்
ஞாயிற்றுக்கிழமை ஆலை நிற்கிறது. செய்கிறேன்.

சித்தூர் சிக்னல்
ஞாயிற்றுக்கிழமை நெட்வொர்க்கில் ஆளே இருக்க மாட்டார்கள், எந்த முறையும் அழகாகவே காட்டும். இன்வெர்ட்டர் கூடத்து ஸ்விட்ச் வழியாகவே ஒரு கருவியை இணைத்து, பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துக்கொண்டே பாருங்கள்.