மால்வேர்ன் வீட்டு அன்ரனா

*குழு: எங்கட குடும்பம், ஸ்காபரோ*

*சனிக்கிழமை*

சுதா: கேபிள் காசு இந்த மாதமும் ஏறிவிட்டது. வெட்டப் போகிறேன். அன்ரனா போட்டால் ரீவி சும்மா வருமாமே, உண்மையா? ஒன்லைனில் ஒன்று பார்த்தேன். 300 மைல் இழுக்குமாம், 39 டொலர்தான்.

கஜன்: அக்கா, அதை வாங்காதீர்கள் 😄 பூமி உருண்டை. 60, 70 மைல் தாண்டினால் கோபுரமே தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். பெட்டியில் எழுதியிருக்கும் மைலை நம்பி நானும் ஒருமுறை ஏமாந்தேன்.

ராசன் மாமா: நாங்கள் ஊரில் உயரமாகக் குழாய் நட்டுக் கடலுக்கு அந்தப் பக்கத்துத் தூரதர்ஷன் பார்த்த ஆட்கள். ஒருவன் குழாயைத் திருப்ப, மற்றவன் உள்ளே இருந்து "வருது, வருது, ஐயோ போச்சு" என்று கத்துவான்.

கஜன்: இங்கேயும் அதே கதைதான் மாமா. கடலுக்குப் பதில் ஒன்ராறியோ ஏரி.
சுதா அக்கா, முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். கனடா சனல்கள் மட்டும் போதுமா, ஏரிக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் பஃபலோ நகரச் சனல்களும் வேண்டுமா?

சுதா: என்ன வித்தியாசம்?

கஜன்: உங்கள் மால்வேர்னில் இருந்து ரொறன்ரோ நடுவில் இருக்கும் சி.என். ரவர் தென்மேற்கே 20 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. சிபிசி 5.1, சிரிவி 9.1, ரிவிஓ 19.1, குளோபல் 41.1, சிற்றி 57.1, ஒம்னி எல்லாம் அங்கேயிருந்துதான். இவைக்குச் சின்ன அன்ரனாவை மேல்மாடி யன்னலில் ஒட்டினாலே போதும். பஃபலோக்காரர் ஏரிக்கு அந்தப் பக்கம், 90 கிலோமீற்றருக்கு மேல். என்பிசி 2.1, சிபிஎஸ் 4.1, ஏபிசி 7.1. அதற்குக் கூரையில் பெரியது வேண்டும்.

சுதா: இவருக்கு பஃபலோ பில்ஸ் ஃபுட்போல் ஆட்டம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாது.

கஜன்: அப்படியென்றால் கூரைதான் 😅 ஆனாலும் இன்று கடையில் மலிவானது ஒன்று வாங்கி யன்னலில் வைத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். காது மாதிரி இரண்டு கம்பி நீள்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 9.1 மட்டும் வீஎச்எஃப் என்ற வேறு அலைவரிசையில் வருகிறது, அந்தக் கம்பி இல்லாவிட்டால் படம் அடிக்கடி கட்டம் கட்டமாக உடையும்.

வசந்தி மாமி: சுதா, என்னுடைய சன் ரீவி நாடகம் வருமா?

கஜன்: வராது மாமி. அது காற்றில் வருவதில்லை.

வசந்தி மாமி: பிறகென்னத்துக்கு அன்ரனா.

*ஞாயிற்றுக்கிழமை*

சுதா: கஜன், யன்னலில் வைத்துவிட்டேன். தேடித் தேடி "0 சனல்" என்கிறது. எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டியும் பார்த்துவிட்டேன். பழுதான சாமான் போல.

கஜன்: ரீவி மெனுவில் எதில் தேடுகிறீர்கள், கேபிளா, அன்ரனாவா?

சுதா: …கேபிள்.

ராசன் மாமா: 🤣🤣

சுதா: 14 வந்துவிட்டது! படம் கேபிளை விடத் தெளிவு. நம்ப முடியவில்லை. பஃபலோ ஒன்றும் இல்லை.

கஜன்: எதிர்பார்த்ததுதான். கூரைக்கு வண்ணத்துப்பூச்சி மாதிரி நான்கு அடுக்கு உள்ளது வாங்குங்கள். நேரே பஃபலோ பக்கம், தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே திருப்பினால் போதும். சி.என். ரவர் சத்தமான ஆள், பக்கவாட்டில் நின்றாலும் கேட்கும். 9.1 மட்டும் முரண்டு பிடிக்கலாம்.
அன்ரனாவில் இருந்து ரீவிக்கு வரும் வயர் ஆர்ஜி6 வகையாக இருக்கட்டும். மூன்று ரீவிக்கும் பிரிக்கப் பார்க்காதீர்கள். ஸ்பிளிற்றரில் இரண்டாகப் பிரித்தாலே சிக்னல் பாதிக்கு மேல் போகும். அப்புறம், மின்னலுக்கு எர்த் வயர் கட்டாயம்.

சுதா: சிக்னலைக் கூட்டும் அம்பிளிஃபையர் போட்டால்?

கஜன்: முதலில் போடாமல் பாருங்கள். ரவருக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு போட்டால் சில நேரம் நல்லாக வரும் சனலும் போய்விடும். என் வீட்டில் போட்டிருக்கிறேன், பஃபலோவுக்காக. போன மாதம் எல்லாச் சனலும் ஒரேயடியாகப் போக, நான் கூரையில் ஏறி ஒரு மணித்தியாலம் திருகினேன். கடைசியில் பார்த்தால், வசந்தி மாமி வீடு கூட்டும்போது அம்பிளிஃபையருக்குக் கரண்ட் கொடுக்கும் சின்ன அடப்ரரைச் சுவரில் இருந்து கழற்றியிருக்கிறார்.

வசந்தி மாமி: அது ஃபோன் சார்ஜர் என்று நினைத்தேன்.

சுதா: அடுத்த சனி மழை இல்லை. கஜன், ஏணியோடு வருவாயா? சாப்பாடு என் பொறுப்பு.

கஜன்: ஆட்டுக்கறி என்றால் வருகிறேன்.

ராசன் மாமா: நான் உள்ளே நின்று கத்துகிறேன்.