பள்ளிக்கூடக் கேட்டும் ஐம்பது மீட்டரும்

சங்கிலிக்காரர்: நம் பள்ளிக்கு அருகிலுள்ள மதுக்கடையைப் பற்றி, 100 மீட்டருக்குள் இருந்தால் சட்டவிரோதம் என்று இங்கே ‘கீழவீதி’ என்ற பெயரில் எழுதுபவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். 2003ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகளை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாநகராட்சி, நகராட்சிக்குள் 50 மீட்டர்; மற்ற ஊர்களில்தான் 100. நாம் மாநகராட்சியில் குடியிருக்கிறோம் ஐயா.

கீழவீதி: சரி, 50 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடை ஷட்டரிலிருந்து பள்ளியின் பின்கேட் வரை நானே டேப் பிடித்தேன். 41 மீட்டர்.

சங்கிலிக்காரர்: பின்கேட்டா! அது பூட்டிக் கிடக்கிறது. முன்வாசலிலிருந்து 73. முப்பது வருடம் நில அளவையில் சங்கிலி இழுத்தவன் சொல்கிறேன்.

கீழவீதி: சத்துணவு அரிசி மூட்டை எந்த வழியாக உள்ளே போகிறதாம்? அந்தப் பூட்டைத் திறந்துதான். 41.

பூக்காரத்தெரு: இரண்டு பேரும் டேப்பைச் சுருட்டுங்கள். வணிகப் பகுதி என்று நகரமைப்பில் குறித்துவிட்டால் அந்தத் தூரமே செல்லாது; அதே விதியில்தான் இருக்கிறது. 2016இல் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. சாலையோரக் கடைகள் தெருவுக்குள் வந்தன, பெண்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். 2017 ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை இல்லை என்றாகிவிட்டது. மீட்டரை நம்பி என்ன கண்டோம்?

சங்கிலிக்காரர்: நெடுஞ்சாலையை யார் கேட்டது? கேட்டைப் பற்றிப் பேசுகிறோம். 73.

ராத்திரிப்பணி: 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்களே, அதில் எங்கள் தெருக் கடையும் ஒன்று. பட்டாசு வெடித்தோம். பிறகு அதே கட்டடத்தில் ‘மனமகிழ் மன்றம்’ என்று பலகை மாட்டினார்கள். மன்றங்களில் மது வழங்க எஃப்.எல்.2 உரிமமாம், உறுப்பினர்களுக்கு மட்டுமாம். ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருப்பவரும் உறுப்பினர்தான் போலிருக்கிறது.

கீழவீதி: அந்தப் பட்டாசுக் குப்பையை யார் அள்ளினார்கள் தெரியுமா? நான்.

ராத்திரிப்பணி: வருடம் தவறாமல் இதைச் சொல்லிக்காட்டுகிறீர்கள்.

சங்கிலிக்காரர்: குப்பை வரி விவாதத்திலும் கீழவீதி இப்படித்தான் தப்புக் கணக்குப் போட்டார். பழைய பதிவு இன்னும் இருக்கிறது.

பூக்காரத்தெரு: அதில் உங்கள் கூட்டலும்தான் தப்பு.

சங்கிலிக்காரர்: அது தட்டச்சுப் பிழை! ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன்வாசலில் சங்கிலியோடு நிற்கிறேன். ஆண்மகனாக இருந்தால் வரச் சொல்லுங்கள்.

கீழவீதி: நான் பெண். பின்கேட்டில் நிற்பேன்.

சங்கிலிக்காரர்: யாராக இருந்தாலும் 73தான் அம்மா.